ஆங்கிலத்தில் தயங்குவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் பலவும் ஒரே சொல்லைச் சுற்றியிருந்தன. அதனால் வேறு கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த இதழை முழுக்கத் தயக்கத்துக்கே கொடுத்துவிட்டோம்.

‘தயங்கினான், தடுமாறினான், ஊசலாடினான்’ எல்லாவற்றுக்கும் என் மாணவர்கள் ‘ஹெஸிடேட்’ என்றே எழுதுகிறார்கள். அகராதியைப் புரட்டினால் ஹெஸிடேட், வேவர், வாஸிலேட், ஃபால்ட்டர் நான்குக்கும் ஒன்றையே மற்றதற்குப் பொருளாகப் போட்டிருக்கிறது. வகுப்பில் எப்படிப் பிரித்துச் சொல்வது?
– ஆங்கில ஆசிரியை, தங்கச்சிமடம்

அகராதியில் தவறில்லை. இடம் குறைவு என்பதால் அது சுருக்கிச் சொல்கிறது, அவ்வளவுதான். வகுப்பில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்குங்கள்: வேலை எந்தக் கட்டத்தில் சிக்கியது? முடிவெடுக்கும் முன்பா, முடிவெடுக்கும்போதா, எடுத்த பிறகா, செய்யத் தொடங்கிய பிறகா? நான்கு கட்டத்துக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல் உண்டு.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடலை வைத்தே சொல்லலாம். பாம்பன் பக்கம் வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் நேர்மாறு. பருவம் மாறும் வாரங்களில் வள்ளத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்பது உண்மையான சிக்கல்.

ஒருவர் வள்ளத்தில் கை வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்கிறார் என்றால் அது ஹெஸிடேட். செயலுக்குச் சற்று முன் வரும் சிறு நிறுத்தம். லத்தீனில் ‘ஒட்டிக்கொள்’ என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. பசையைக் குறிக்கும் ‘அட்ஹீஸிவ்’ கூட அதே வேர்தான். கால் ஒரு கணம் தரையில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த கணம் அவர் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

அவரே காலையில் வடகடல் என்று சொல்லி, மதியம் தென்கடல் என்று மாற்றி, மாலையில் மறுபடி வடகடல் என்றால் அது வாஸிலேட். இதற்கு இரண்டு முனை வேண்டும், நேரமும் வேண்டும். ஒரு நொடியில் யாரும் வாஸிலேட் செய்ய முடியாது. அதனால்தான் இதற்குப் பின்னால் ‘பிட்வீன்’ வருகிறது. சொல்லில் கொஞ்சம் குறை கூறும் தொனியும் உண்டு.

தென்கடல்தான் என்று உறுதியாகச் சொன்னவர், பக்கத்து வள்ளக்காரர் பேச்சைக் கேட்டு உள்ளுக்குள் ஆட்டம் காண்கிறார் என்றால் அது வேவர். இங்கே முடிவு ஏற்கெனவே இருக்கிறது, அது அசைகிறது. விளக்குச் சுடர், பேசும் குரல், எடுத்த நிலைப்பாடு எல்லாம் வேவர் ஆகும். ‘அன்வேவரிங் சப்போர்ட்’ என்ற தொடர் பழகிப்போனதும் இதனால்தான். உறுதி என்று ஒன்று இருந்தால்தானே அது அசையாமல் நிற்க முடியும்?

கடலில் இறங்கி, பாதி வழியில் வேகம் குறைந்து தடுமாறினால் ஃபால்ட்டர். நடை, பேச்சு, இன்ஜின், பொருளாதாரம் என்று ஓடிக்கொண்டிருக்கும் எதுவும் ஃபால்ட்டர் ஆகலாம். தொடங்காத ஒன்று ஃபால்ட்டர் ஆகாது.

எல்லை எப்போதும் கத்தி வெட்டாக இருக்காது. ‘வேவர் பிட்வீன்’ என்று எழுதினாலும் சரிதான். அப்போது அது வாஸிலேட்டை நெருங்கிவிடும். தேர்வுத்தாளில் அதற்காக மதிப்பெண் குறைக்க வேண்டாம். ஆனால் இரண்டு பிழைகளை விடாதீர்கள். ஹெஸிடேட்டுக்குப் பின் வினை வந்தால் ‘டு’ (‘ஹெஸிடேட்டட் டு கோ’), பெயர்ச்சொல் வந்தால் ‘ஓவர்’ அல்லது ‘அபவுட்’. ‘ஹெஸிடேட்டட் தி ஆஃபர்’ என்று நேரடியாகச் செயப்படுபொருளைக் கொண்டுவந்து வைப்பது தவறு. அடுத்தது, பேசுகிறவர் மூச்சு விட நிறுத்துவது ‘பாஸ்’. அப்போது அவர் மனத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. அதைப் போய் ஹெஸிடேட் என்று எழுதினால் அவருக்கு இல்லாத பயத்தை நாம் ஏற்றிவிடுகிறோம்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், ‘மீனவர்கள் கடலுக்குச் செல்லத் தயக்கம்’ என்று தமிழில் எழுதிவிடுகிறேன். அதையே ஆங்கிலத்தில் அனுப்பும்போது ‘ஹெஸிடேட்’ போட்டால் ஆசிரியர் குழு அடித்துத் திருத்துகிறது. ஏன்?
– பகுதிநேரச் செய்தியாளர், இராமேஸ்வரம்

அவர்கள் திருத்துவது சரி. ஹெஸிடேட் என்றால் போவதும் போகாததும் அவர்கள் கையில் இருந்தது, மனம்தான் நின்றது என்று பொருள். மீன்வளத் துறை அனுமதி டோக்கன் கொடுக்காத நாளில் மனத்துக்கு அங்கே வேலையே இல்லை. அப்போது ‘வேர் பார்ட் ஃப்ரம்’ (தடுக்கப்பட்டனர்) அல்லது, காரணத்தைத் தனி வாக்கியத்தில் சொல்லிவிட்டு, ‘ஸ்டேய்ட் அஷோர்’ என்று எழுதலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதும் இந்த வகைதான்.

எழுதும் முன், அவர்களை நிறுத்தியது எது என்று பாருங்கள்.

சிறைபிடிப்புச் செய்திக்குப் பிறகு, போகலாம் என்ற நிலையிலும் போக மனமில்லை என்றால் ‘ரிலக்டன்ட்’. லத்தீனில் இது மல்யுத்தத்தில் எதிர்த்து நிற்பதைச் சொல்லும் வினையிலிருந்து வந்தது. எனவே இதில் குழப்பம் கிடையாது, விருப்பமின்மைதான் உண்டு. ரிலக்டன்ட் ஆனவர் கடைசியில் போகவும் செய்யலாம், முனகிக்கொண்டே. வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டுப் போகவில்லை என்றால் ‘ரிஃப்யூஸ்டு’. அதை ‘ரிலக்டன்ட்’ என்று மென்மையாக்கினால் போராடுகிறவர்களின் முடிவையே சுருக்கிவிடுகிறீர்கள். காற்று தணியட்டும் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தால் ‘ஹெல்ட் ஆஃப்’. இந்தக் கடைசிச் சொல்லை நம் செய்தியாளர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. அனுபவமுள்ளவர் தெளிவாக யோசித்துத் தள்ளிப்போடுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ‘வேரி’ என்பது விழிப்பு. எச்சரிக்கையாக இருந்துகொண்டே போகிறவருக்கும் அது பொருந்தும்.

இன்னொன்று. காற்று நிலையில்லாமல் அடிக்கிறது என்று எழுத ‘இன்டிசைஸிவ் விண்ட்’ என்று ஒரு செய்தியில் போட்டிருக்கிறீர்கள். வானிலை அறிக்கை மொழியில் அது ‘வேரியபிள்’. திசை மாறுவதற்கும் திட்டமான சொற்கள் உண்டு: கடிகார முள் சுற்றும் பக்கமாகத் திரும்பினால் ‘வீர்’, எதிர்ப்பக்கமாகத் திரும்பினால் ‘பேக்’. வாடை மெல்லக் கிழக்கே திரும்பிக் கொண்டலானால் அது வீர். நண்டு விலை, இறால் விலை ஏறி இறங்குவது ‘ஃப்ளக்சுவேட்’. விலை ஒருநாளும் வாஸிலேட் செய்யாது. அதற்கு மனம் கிடையாது.

வெளியூர் மருத்துவமனையிலிருந்து வந்த ஒரு முதியவரின் குறிப்பில் ‘ஹெஸிடன்ஸி – ப்ரெஸன்ட்’ என்று இருந்தது. பேசத் தயங்குகிறவர் என்று நினைத்துக்கொண்டோம். சரியா?
– செவிலியர், தேவிபட்டினம்

இல்லை. சிறுநீரகவியலில் அந்தச் சொல்லுக்குச் சிறுநீர் உடனே வெளிவராமல், காத்திருந்து, முக்கி அழுத்திய பிறகே தொடங்குவது என்று பொருள். வயதான ஆண்களுக்கு ப்ராஸ்டேட் வீக்கத்தில் வரும் முக்கியமான அறிகுறி அது. மெலிந்த ஒழுக்கு, இரவில் பலமுறை எழுவது ஆகியவற்றோடு சேர்த்து அதைக் குறிப்பார்கள். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு.

தடுப்பூசி விஷயத்தில் வரும் ‘வேக்ஸின் ஹெஸிடன்ஸி’ உங்களுக்குத் தெரிந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் உலக நலத்துக்கான பத்து அச்சுறுத்தல்களில் ஒன்றாக அதைச் சேர்த்தது. ‘ஹெஸிடேஷன்’ ஒருமுறை நடக்கும் நிகழ்வு, ‘ஹெஸிடன்ஸி’ நீடிக்கும் நிலை என்று வைத்துக்கொண்டால் இரண்டு பயன்பாடும் விளங்கும்.

மண்டபத்தில் கடல் உணவு ஏற்றுமதி அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்து பார்க்கிறேன். ‘ப்ளீஸ் டூ நாட் ஹெஸிடேட் டு கான்டாக்ட் அஸ்’ என்று எல்லா மின்னஞ்சலிலும் போடச் சொல்கிறார்கள். தேவையா? வாங்குகிறவர்கள் எழுதும் பதிலில் அவர்கள் உண்மையில் தயங்குகிறார்களா, மறுக்கிறார்களா என்றும் பிடிபடவில்லை.
– அலுவலக உதவியாளர், மண்டபம்

அந்த வாக்கியம் தவறில்லை, தேய்ந்துவிட்டது. முதல் கடிதத்தின் முடிவில் ஒருமுறை போதும். பாக்கிப் பணம் கேட்கும் கடிதத்தின் அடியில் ‘தயங்காமல் தொடர்புகொள்ளுங்கள்’ என்று போட்டால் கேலியாகத் தொனிக்கும். ‘லெட் அஸ் நோ இஃப் யூ நீட் எனிதிங்’ என்பது சுருக்கம், இயல்பு.

உங்கள் இரண்டாவது கேள்விதான் காசு சம்பந்தப்பட்டது. வணிக ஆங்கிலத்தில், முக்கியமாகப் பிரிட்டிஷ் வழக்கில், தயக்கச் சொற்கள் பெரும்பாலும் தயக்கத்தைச் சொல்வதில்லை.

‘வி வுட் ஹெஸிடேட் டு’ என்று தொடங்கினால் அது மரியாதையான ‘முடியாது’. ‘வி வுட் ஹெஸிடேட் டு கால் திஸ் கிரேட் ஒன்’ என்று கணவாய்ச் சரக்கைப் பற்றி எழுதினால், இது முதல் தரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ‘வுட்’ என்ற சொல்தான் அடையாளம். அது இல்லாமல் ‘வி ஆர் ஹெஸிடன்ட்’ என்று வந்தால் இன்னும் கதவு மூடவில்லை.

‘வி ஹேவ் ரிசர்வேஷன்ஸ் அபவுட்’ என்றால் மனத்தில் குறிப்பான ஆட்சேபம் இருக்கிறது. பொத்தாம்பொதுவாகச் சமாதானம் சொல்லாமல் எது என்று கேளுங்கள்: கிலோவுக்கு எத்தனை என்ற கவுன்ட்டா, மேலே பூசிய ஐஸான கிளேஸிங் சதவீதமா, பேக்கிங்கா? சரக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று பொதுவாகப் பதில் போடுகிறவர்கள் இங்கேதான் ஆர்டரை இழக்கிறார்கள்.

‘வி ஆர் இன் டூ மைண்ட்ஸ்’ என்பது உண்மையான இருமனம். அமெரிக்கர்கள் ‘ஆஃப் டூ மைண்ட்ஸ்’ என்பார்கள். மாதிரி, விலை, தேதி என்று நீங்கள் தரும் ஒரு தகவல் தராசைச் சாய்க்கக்கூடிய நேரம் இது. ‘வி ஆர் ஹோல்டிங் ஆஃப் ஃபார் நவ்’ என்றால் விலை இறங்கக் காத்திருக்கிறார்கள். அப்போது தள்ளுபடியை அவசரமாக நீட்டாதீர்கள்.

‘வி மஸ்ட் டிமர்’ என்று வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அது முறையான ஆட்சேபம், சட்ட வாசனை உள்ள சொல். தாமதித்தல் என்ற லத்தீன் வினைதான் இதற்கு மூலம். துறைமுகத்தில் நீங்கள் கட்டி அழும் ‘டிமரேஜ்’ இதன் உடன்பிறப்பு. முதலில் அது, ஒத்துக்கொண்ட கால அளவுக்கு மேல் கப்பலை நிறுத்திவைத்ததற்கான தொகையாக இருந்தது. இன்று கன்டெய்னர் வணிகத்தில், இலவச நாட்கள் தாண்டியும் பெட்டி முனையத்துக்குள் கிடந்தால் டிமரேஜ். வெளியே எடுத்துப்போன பெட்டியைக் காலத்தில் திருப்பாவிட்டால் ‘டிடென்ஷன்’. இரண்டையும் மாற்றி எழுதிய கடிதத்தை வைத்துப் பணத்தைத் திரும்பக் கேட்டால் கிடைக்காது. ‘டிமியூர்’ என்று வாயில் வந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்; அது அடக்க ஒடுக்கமான பெண்ணைக் குறிக்கும் வேறு சொல்.

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். ரெட்டிஸன்ட் – ரிலக்டன்ட், ப்ரிவாரிகேட் – ப்ரொக்ராஸ்டினேட், இன்டிசைஸிவ் – அன்டிசைடட், ஆம்பிவலன்ட் – இன்டிஃபரன்ட். இந்த ஜோடிகளில் ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் மதிப்பெண் போகிறது.
– பட்டதாரி, தொண்டி

ரெட்டிஸன்ட் வாயைப் பற்றியது, ரிலக்டன்ட் மனத்தைப் பற்றியது. பேசாதவர், உள்ளதை வெளியே சொல்லாதவர் ரெட்டிஸன்ட். ‘ரெட்டிஸன்ட் டு கோ’ என்று ஆங்கிலேயர்களே இப்போது எழுதுகிறார்கள். ஆனாலும் தேர்வில் ‘டு’ பார்த்தால் ரிலக்டன்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.

ப்ரொக்ராஸ்டினேட்டுக்குள் ‘நாளை’ என்ற லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. செய்ய வேண்டியது தெரியும், நாளைக்குத் தள்ளுகிறோம். ப்ரிவாரிகேட்டுக்கும் காலத்துக்கும் தொடர்பே இல்லை. கோணல் நடை என்ற பொருளிலிருந்து வந்து, உண்மையைச் சுற்றிவளைத்து மழுப்புவதைக் குறிக்கிறது. விசாரணைக் கூண்டில் மென்று முழுங்குகிறவர் செய்வது அதுதான். ‘இக்விவொகேட்’ இதற்கு நெருங்கிய உறவு: இரண்டு பக்கமும் பொருள் வரும்படி வேண்டுமென்றே பேசுவது. இந்த இரண்டிலும் பேசுகிறவருக்கு முடிவு தெரியும், மறைக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். தயக்கச் சொற்களின் பட்டியலில் இவற்றைச் சேர்த்துக் கேட்பது தேர்வாளர்கள் வைக்கும் கண்ணி.

அன்டிசைடட் ஒரு விஷயத்தில் இன்று இருக்கும் நிலை. இன்டிசைஸிவ் குணம். வாக்குச்சாவடிக்குப் போகும்வரை முடிவு செய்யாதவர் அன்டிசைடட் வாக்காளர். அவரை இன்டிசைஸிவ் என்றால் திட்டியதாகும். யாரும் வெல்லாத போரையும் இன்டிசைஸிவ் என்பார்கள்.

ஆம்பிவலன்ட் என்பதன் ஜெர்மன் மூலத்தை 1910இல் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் உருவாக்கினார். ஒரே ஆளின் மீது விருப்பும் வெறுப்பும் ஒருங்கே வலுவாக இருப்பது. இன்டிஃபரன்ட்டில் இரண்டுமே கிடையாது.

‘ஸ்க்ரூப்பிள்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி கேட்கிறார்கள். செருப்புக்குள் உறுத்தும் கூர்ங்கல் என்பது அதன் மூலப்பொருள். மனச்சாட்சி உறுத்துவதால் வரும் தயக்கம். கடல் அட்டை கடத்துகிறவர் பிடிபடுவோமோ என்று ஒரு கணம் நின்றால் ஹெஸிடேஷன். இது தப்பு என்று நின்றால் ஸ்க்ரூப்பிள்.

போட்டோ எடிட்டிங் மென்பொருளில் ‘டிதர்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. அகராதியில் ‘முடிவெடுக்காமல் அலைபாய்தல்’ என்று போட்டிருக்கிறது. இரண்டுக்கும் என்ன தொடர்பு?
– மாணவர், கீழக்கரை

நடுக்கம்தான் தொடர்பு. பழைய ஆங்கில வட்டார வழக்கில் அதற்கு ‘நடுங்கு, வெடவெட’ என்று பொருள்.

தனுஷ்கோடி விடியல் வானத்தைப் படம் எடுத்து, 256 நிறங்கள் மட்டுமே கொண்ட ஜிஃப் கோப்பாகச் சேமித்துப் பாருங்கள். மெல்ல மாற வேண்டிய செம்மை பட்டை பட்டையாக வெட்டுப்பட்டுத் தெரியும். இருக்கும் நிறங்களில் எது அருகிலோ அதையே ஒவ்வொரு புள்ளியும் எடுத்துக்கொள்வதால் வரும் கோளாறு அது. டிதர் பெட்டியில் டிக் போட்டால் எல்லையில் உள்ள புள்ளிகள் இரண்டு நிறத்துக்கும் இடையில் சிதறடிக்கப்படும். தூரத்திலிருந்து கண் அதை இடைநிறமாகக் கலந்து பார்த்துக்கொள்ளும். 1976இல் வெளியான ஃப்ளாய்ட் – ஸ்டைன்பெர்க் முறையில், ஒரு புள்ளியில் ஏற்பட்ட நிறப்பிழை அண்டைப் புள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது: வலப்பக்கத்துக்கு 16இல் 7 பங்கு, கீழ் இடப்பக்கத்துக்கு 3, நேர் கீழே 5, கீழ் வலத்துக்கு 1. ஒலிப்பதிவை 24 பிட்டிலிருந்து 16 பிட்டுக்குக் குறைக்கும்போது கடைசியாகச் சேர்க்கும் மெல்லிய இரைச்சலுக்கும் இதே பெயர். கடைசியில் ஒருமுறை மட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டால் இரைச்சல் சேர்ந்துகொண்டே போகும்.

மனிதர் செய்யும் டிதரால் இப்படி ஒரு நன்மையும் இல்லை. வாஸிலேட் செய்கிறவரிடம் இரண்டு தெளிவான முனையாவது இருக்கும். டிதர் செய்கிறவரிடம் பதற்றமும் பரபரப்பும்தான். சிறு விஷயத்துக்கு, கேலியாக, பேச்சு வழக்கில் வரும் சொல்: ‘டிதரிங் ஓவர் தி மெனு’. மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம். ‘ஷில்லி-ஷாலி’ இதற்குப் பக்கத்து வீடு, ‘ஷால் ஐ? ஷால் ஐ?’ என்று தன்னையே கேட்டுக்கொள்வதிலிருந்து பிறந்தது. நம் ‘மீனமேஷம் பார்ப்பது’ அச்சாக இதுதான். ‘டில்லி-டாலி’யைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வெறும் நேரக்கடத்தல்.

தீர்த்தமாட வரும் வடநாட்டு, வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். வருகிறேன் என்றவர் கடைசி நேரத்தில் இழுப்பார். வருவாரா மாட்டாரா என்று அவர் பேச்சிலிருந்தே தெரிந்துகொள்ள முடியுமா?
– சுற்றுலா வழிகாட்டி, இராமேஸ்வரம்

ஓரளவு முடியும். ‘ஐ ஆம் ஹேவிங் செகண்ட் தாட்ஸ்’ என்றால் மனம் ஆடுகிறது, பேசிப் பார்க்கலாம். ‘ஆன் செகண்ட் தாட்’ என்று தொடங்கினால் முடிவு மாறிவிட்டது. அடுத்து வருவது புது முடிவு. இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும், கவனியுங்கள். ‘ஐ காட் கோல்ட் ஃபீட்’ என்றால் பயம்: 22 தீர்த்தமும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்களா, மாற்றுத்துணி எங்கே உடுத்துவது என்பதுபோல ஏதாவது ஒன்று. அதைச் சொல்லித் தெளிவாக்கினால் வந்துவிடுவார். ‘லெட் மி ஸ்லீப் ஆன் இட்’ என்றால் நாளை காலைவரை தொந்தரவு செய்யாதீர்கள். ‘ஆன் தி ஃபென்ஸ்’ நம் மதில் மேல் பூனைதான்.

டைலமா என்றால் குழப்பம்தானே?
– வாசகர், பெரியபட்டினம்

எந்தப் பக்கம் போனாலும் சுடும் இரண்டு வழிகளுக்கு நடுவில் நிற்பது டைலமா, இருதலைக்கொள்ளி எறும்பு. இரண்டும் இனிப்பாக இருந்தால் டைலமா இல்லை. ஒரே வழிதான் இருக்கிறது, அதையும் தேர்வு என்று சொல்லித் தருகிறார்கள் என்றால் ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’. கேம்பிரிட்ஜில் குதிரை வாடகைக்கு விட்ட தாமஸ் ஹாப்சன் (இறப்பு 1631), வாசலுக்கு அருகில் நிற்கும் குதிரையை எடு, இல்லையென்றால் நடந்து போ என்பாராம்.

மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுதினேன். கடன் தள்ளுபடிக்கு ‘லோன் வேவர்’ என்று எழுதியதை ஒருவர் சுட்டிக்காட்டிச் சிரித்தார். உச்சரிப்பு அதுதானே?
– வாசகர், ஏர்வாடி

உச்சரிப்பு ஒன்றேதான், எழுத்து வேறு. தடுமாறும் வேவர் டபிள்யூ, ஏ, வி, இ, ஆர். உரிமையை விட்டுக்கொடுக்கும், கடனைத் தள்ளும் வேவரில் ஏ-வுக்குப் பின் ஒரு ஐ உண்டு. வேரும் வேறு, இரண்டாவது, கைவிடுதல் என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து சட்ட மொழி வழியாக வந்தது. கணினியின் எழுத்துப்பிழை திருத்தி இதைப் பிடிக்காது, இரண்டுமே சரியான சொற்கள் என்பதால். மனுவை மறுபடி அச்செடுத்து, ஐ இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.